பரண்ல கிடந்த கை மெஷினுக்கு பெயிண்ட் அடிக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பழைய சின்ன தையல் மெஷின்களை சேகரிக்கிறது பத்தி ரெண்டு பக்கம் எழுதினதுதான், வந்து குவிஞ்ச கடிதத்தையும் வாட்ஸ்அப்பையும் பார்த்தா பாதி வீட்டு பரண்ல ஒரு சிங்கர் தூங்குது போல. எல்லாருக்கும் தனித்தனியா பதில் எழுத இடம் இல்ல, திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் எடுத்திருக்கேன். எம்பிராய்டரி மெஷின் எந்த கம்பெனி வாங்கலாம்னு கேட்டவங்க மன்னிக்கணும், அது நம்ம ஏரியா இல்ல.

எங்க ஆச்சியோட கை மெஷின், சிங்கர் 99கே. பல வருஷமா பரண்ல இருந்துச்சு. இப்ப இறக்கிப் பார்த்தா வீல் கொஞ்சம் கூட அசையல. ஆச்சி எப்பவும் தேங்காய் எண்ணெய்தான் விடுவாங்க. மெக்கானிக் பார்த்துட்டு எடைக்குப் போட்டுருங்கன்னு சொல்லிட்டார். அவ்ளோதானா? – வாசகி, விருதுநகர்

எடைக்குப் போடாதீங்கம்மா, முதல்ல அந்த மெக்கானிக்கை மாத்துங்க. வார்ப்பிரும்பு மெஷின் அவ்ளோ சீக்கிரம் சாகாது. உங்க மெஷினுக்கு வந்திருக்கிறது தேங்காய் எண்ணெய் வியாதி, நம்ம ஊர்ல பாதி மெஷினுக்கு இதான். சமையல் எண்ணெய், விளக்கெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதை விட்டாலும் அன்னிக்கு நல்லாத்தான் ஓடும், ஆனா வருஷக்கணக்குல தூசியும் நூல் பஞ்சும் அதோட சேர்ந்து பிசின் மாதிரி இறுகிடும். துரு வேற, இது வேற. இது கரையும்.

முதல்ல ஊசியை கழட்டுங்க, பாபினை எடுங்க, துணியை நகர்த்துற பல் மேல இருக்கிற தகட்டை (ஊசி இறங்குற ஓட்டை இருக்கே, அது) ரெண்டு ஸ்க்ரூ கழட்டி எடுத்துட்டு உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. ஹூக்ல (பாபினைச் சுத்தி இருக்கிற கொக்கி) ஒரு முழ நூல் சுத்திக்கிட்டு இருந்தா அதுவே வீலை பிடிச்சு வச்சிருக்கும், அதை ட்வீசர்ல இழுத்துப் போட்டாலே பாதி கேஸ் முடிஞ்சிடும். அது இல்லன்னா ஒவ்வொரு எண்ணெய் ஓட்டையிலயும், ரெண்டு இரும்பு ஒண்ணோட ஒண்ணு உரசுற எல்லா இடத்துலயும் ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விடுங்க. இடது பக்க முகத்தகட்டை கழட்டினா ஊசிக் கம்பியும் பாதக் கம்பியும் தெரியும், அங்கதான் அதிகமா பிடிச்சிருக்கும். மெஷினை மல்லாக்க சாச்சு அடியிலயும் விடுங்க. விட்டுட்டு போய் வேற வேலை பாருங்க, மறுநாள் வந்து வீலை முன்னும் பின்னும் மெல்ல அசைச்சுப் பாருங்க. அசையலன்னா மறுபடி விடுங்க. சிலது ஒரு வாரம் பிடிவாதம் பிடிக்கும். பைப் ரெஞ்சு போட்டு திருகுறது, சுத்தியல்ல தட்டுறது, இதெல்லாம் செஞ்சா அப்புறம் மெக்கானிக் சொன்னதுதான் நடக்கும். மண்ணெண்ணெய் இப்பல்லாம் லேசுல கிடைக்கறதில்ல, கிடைக்கலன்னா டபிள்யூடி 40ங்கிற ஸ்ப்ரே அடிக்கலாம், ஆனா ரெண்டுமே பிசினை கழுவி விடத்தான், மெஷின் ஓடுறதுக்கு இல்ல. வீல் சுத்த ஆரம்பிச்சதும் எல்லாத்தையும் துடைச்சுட்டு அசல் தையல் மெஷின் ஆயில், தண்ணி மாதிரி நிறமே இல்லாம இருக்குமே, அதை ஒவ்வொரு இடத்துலயும் விட்டாகணும், இல்லன்னா இரும்பும் இரும்பும் வறட்டுத்தனமா உரசி தேய்ஞ்சிடும்.

இன்னொரு விஷயம், இதுல நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. பாபின் சுத்தறப்ப வீல் நடுவுல ஒரு வட்ட திருகை லூஸ் பண்ணுவோம்ல, க்ளீன் பண்ணும்போது அதை முழுசா கழட்டினா உள்ள ஒரு வாஷர் வரும், அதுல சின்னச் சின்ன காது நீட்டிக்கிட்டு இருக்கும். அந்த வாஷரை திருப்பி மாட்டும்போது மாத்தி உட்கார்ந்துட்டா ஒண்ணு திருகு லூஸே ஆகாது, இல்ல எவ்ளோ டைட் பண்ணாலும் வீல் மட்டும் சுத்தும், ஊசி இறங்காது. மெஷின் கெட்டுப்போச்சுன்னு பயந்துடாதீங்க, வாஷரை அரை வட்டம் திருப்பி போடுங்க, சரியாயிடும்.

அப்புறம் பாபின். 99கேக்கு மேலேர்ந்து போடுற 66 கிளாஸ் பாபின், பக்கவாட்டுல லேசா உப்பலா இருக்கும். கடையில சும்மா பாபின்னு கேட்டா உஷா, மெரிட் மெஷினுக்கு போடுற தட்டையானதைத்தான் தருவாங்க, பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளயும் உட்கார்ந்துடும், நாலு தையல் போட்டதும் சிக்கிக்கும். பழைய பாபின் ஒண்ணு கையில கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்க.

பழைய கை மெஷின் வாங்கி சிவப்பு, டர்க்காய்ஸ் கலர்ல பவுடர் கோட்டிங் பண்ணி, புது சிங்கர் ஸ்டிக்கர் ஒட்டி இன்ஸ்டாகிராம்ல விக்கலாம்னு ஐடியா. உங்க கருத்து என்ன? – கல்லூரி மாணவர், கோவை

கருத்து கேட்டீங்க, சொல்றேன், வேண்டாம் தம்பி. பவுடர் கோட்டிங்னா முழு மெஷினையும் பிரிச்சு ஓவன்ல வைக்கணும், ஒவ்வொரு பேரிங் ஓட்டையிலயும் ஸ்க்ரூ மரையிலயும் அந்த கோட்டிங் போய் உட்காரும், திருப்பி மாட்டும்போது ஒண்ணும் பொருந்தாது. அப்புறம் அது மெஷின் இல்ல, ஹோட்டல் ஷோகேஸ் பொம்மை. ஏற்கனவே பெயிண்டு முழுக்க உரிஞ்சு, துருப்பிடிச்சு, மேல இருக்கிற தங்கக் கலர் கோலம் எதுவும் மிச்சமில்லாத மெஷின்னா சரி, அடிங்க, அதுல இழக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. கோலம் பாதி இருந்தாக்கூட தொடாதீங்க. தேய்ஞ்ச தங்கக் கோலம் இருக்கிற மெஷினைத்தான் விஷயம் தெரிஞ்சவங்க தேடுவாங்க, புது ஸ்டிக்கர் ஒட்டினதை பத்தடி தள்ளி நின்னே கண்டுபிடிச்சிடுவாங்க.

அந்த பழைய கறுப்பு பளபளப்பு எப்படி வந்துச்சுன்னா, கீழ ஜப்பான் பிளாக்னு ஒரு கறுப்பு பூச்சு, அது மேல தங்கக் கலர் டெக்கால் (அந்தக் கோலம்தான், ஒட்டுப்படம் மாதிரி), அதுக்கும் மேல பாதுகாப்புக்கு ஷெல்லாக், அதாவது நம்ம அரக்கு. அரக்கு ஸ்பிரிட்டுல கரையும். தின்னர், ஸ்பிரிட், சானிடைசர், கண்ணாடி துடைக்கிற அந்த நீலத் தண்ணி, எதைப் போட்டு துடைச்சாலும் மேல் அரக்கு போயிடும், அடுத்த துடைப்புல தங்கம் வெள்ளியா வெளுத்துடும், அதுக்கடுத்த துடைப்புல எழுத்தே இருக்காது. பாத்திரம் தேய்க்கிற நார் பத்தி பேசவே வேணாம். மெஷின் ஆயிலையே பழைய பனியன் துணியில தொட்டு வட்ட வட்டமா துடைங்க, துணி கறுப்பா வர்ற வரைக்கும் மாத்தி மாத்தி துடைங்க, அவ்ளோதான் ரகசியம். சாயங்காலம் முழுக்க ஆகும், ஆகட்டும்.

எங்க வீட்ல இருக்கிற பழைய சிங்கர் மெஷினுக்கு லட்சக்கணக்குல தர்றேன்னு ஒருத்தர் போன் பண்றார். ஊசி பக்கத்துல செல்போனை வச்சு வீடியோ எடுத்து அனுப்ப சொல்றார். முன்பணமா "டெஸ்டிங் ஃபீஸ்" கேக்கறார். நிஜமா? – வாசகர், திருச்சி

பைசா குடுத்துடாதீங்க! நம்பரை பிளாக் பண்ணுங்க. இது புதுசும் இல்ல. 2009ல சவுதி அரேபியாவுல இதே புரளி கிளம்புச்சு, பழைய சிங்கர் மெஷின் ஊசியில ‘ரெட் மெர்க்குரி’ன்னு ஒரு அபூர்வ பொருள் இருக்கு, அதை வச்சு புதையல் எடுக்கலாம், அணுகுண்டு செய்யலாம்னு என்னென்னமோ. ஊசிகிட்ட செல்போனை கொண்டுபோனா லைன் கட் ஆகும், அப்படி கட் ஆனா உள்ள சரக்கு இருக்குன்னு அர்த்தமாம். குப்பைக்கு போற மெஷினுக்கெல்லாம் ரெண்டு லட்சம் ரியால் வரைக்கும் விலை ஏறுச்சுன்னு அப்ப செய்தியே வந்துச்சு, கடைசில அந்த அரசாங்கமே விசாரிக்கிற நிலைமை ஆயிடுச்சு. ரெட் மெர்க்குரின்னு ஒரு பொருளே கிடையாது சார். ஊசிங்கறது வெறும் எஃகு, மழுங்கினா மாத்திப்போடுற சாமான், உங்க மெஷின் வாங்கினதுலேர்ந்து எத்தனை ஊசி மாறியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஊசியில மெர்க்குரி இருந்தா நம்ம ஊர் டெய்லருங்க எல்லாரும் இந்நேரம் கோடீஸ்வரங்க.

அரிசியை இழுக்கிற அதிசய கலசம்னு சொல்லி விப்பாங்களே, அந்த ரைஸ் புல்லிங் கலசத்துக்கு ஏமாந்த அதே கூட்டம்தான் இதுக்கும் ஏமாறுது. பணம் ஏற்கனவே குடுத்திருந்தா சைபர் கிரைம் 1930க்கு உடனே போன் பண்ணுங்க.

என் மெஷின் எந்த வருஷம் செஞ்சதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? – பலர்

மெஷினோட பெட்ல, வலது கை ஓரமா ஒரு நம்பர் குத்தியிருக்கும், அதான் ஆதாரம். நம்பருக்கு முன்னாடி ஆங்கில எழுத்தே இல்லன்னா 1900க்கு முந்தினது. ஒய்ன்னு ஒத்தை எழுத்து இருந்தா 1920, 30கள். ஈஜி, ஈஹெச்னு ரெண்டு எழுத்துல வந்தா 1950 பக்கம். சிங்கர் சீரியல் நம்பர் பட்டியல் இன்டர்நெட்ல ஃப்ரீயாவே இருக்கு, உங்க நம்பரை அதுல தேடுங்க. அதுல வர்ற தேதி அந்த நம்பர் வரிசையை ஃபேக்டரிக்கு ஒதுக்கின தேதி, மெஷின் கடைக்கு வந்தது அதுக்கப்புறம்தான், அதனால தாத்தா கல்யாணம் 1952ன்னா நம்பர் 1950ன்னு காட்டுதேன்னு குழம்ப வேணாம்.

மாடல் நம்பர் பின்னாடி ‘கே’ வந்தா ஸ்காட்லாந்துல கிளைட்பேங்க்குங்கிற ஊர்ல, கில்போவி ஃபேக்டரில செஞ்சது, நம்ம பக்கம் கிடைக்கிற பழைய சிங்கர்ல நிறைய அதான். 1885ல முழு வேலை ஆரம்பிச்ச ஃபேக்டரி, 1913ல மட்டும் அங்கேர்ந்து பத்து லட்சத்துக்கு மேல மெஷின் வெளிய போயிருக்கு. 1980ல இழுத்து மூடிட்டாங்க. ஆனா அந்த ஊர் ரயில்வே ஸ்டேஷனுக்கு இன்னிக்கும் பேரு ‘சிங்கர்’தான். பத்து லட்சம்னு சொன்னேன் பாருங்க, அதையும் மனசுல வச்சுக்கங்க. "நூறு வருஷ ஆன்டிக், ரேர் பீஸ்"ன்னு ஒருத்தர் விலை சொன்னா சிரிச்சுட்டே பேரம் பேசலாம். பழசுன்னா அபூர்வம்னு அர்த்தம் இல்ல.

பேத்திக்குன்னு கைக்கு அடக்கமா ஒரு குட்டி சிங்கர் வாங்கினேன், மாடல் 20ன்னு சொன்னாங்க. அழகா தைக்குது, ஆனா நூலை இழுத்தா எல்லா தையலும் பிரிஞ்சு வந்துடுது. ரிப்பேரா? – வாசகி, மதுரை

ரிப்பேர் இல்லம்மா, அதோட பிறவி குணமே அதான். அதுல பாபினே கிடையாது, கவனிச்சீங்களா? மேல் நூல் ஒண்ணை வச்சே துணிக்கு அடியில சங்கிலி மாதிரி கோத்துக்கிட்டே போகும், செயின் ஸ்டிச். அரிசி மூட்டை வாய்ல சரியான நூலைப் பிடிச்சு இழுத்தா சர்ருன்னு மொத்தமா பிரியுமே, அதே தையல்தான் இது. தைச்சு முடிச்சதும் நூலை கொஞ்சம் நீளமா விட்டு வெட்டி, கடைசி வளையத்துக்குள்ள நுழைச்சு இறுக்கி முடிச்சு போட்டுடுங்க, பிரியாது.

1910லேர்ந்து வந்த மாடல் அது, பொம்மைன்னு வித்தாலும் நிஜமாவே தைக்கிற பொம்மை. இதுல ஒரே தலைவலி ஊசி. 24×1ன்னு தனி ஊசி, சாதா மெஷின் ஊசி இதுல சேராது, நம்ம தெருமுனை கடையில கேட்டா நம்மளையே ஒரு மாதிரி பார்ப்பாங்க. ஆன்லைன்ல வரவழைச்சு ரெண்டு மூணா வச்சுக்கங்க, இருக்கிற ஒரு ஊசியை பேத்தி ஜீன்ஸ் துணியில விட்டு உடைச்சுட்டா அப்புறம் மெஷின் அலமாரிக்குத்தான் போகும். மெல்லிசு பருத்தித் துணி மட்டும் குடுங்க. குழந்தை விரல் ஊசிக்கு அடியில போகாம பக்கத்துல உட்கார்ந்துக்கங்க, குட்டி மெஷினா இருந்தாலும் ஊசி ஊசிதான்.

இதே மாதிரி தகர பொம்மை மெஷின் ஜெர்மனிலேர்ந்தும் வந்திருக்கு, காசிகேன்னு ஒரு கம்பெனி. ‘பிரிட்டிஷ் ஸோன்’னு எழுதியிருந்தா உலகப்போர் முடிஞ்சு ஜெர்மனியை பங்கு போட்டு வச்சிருந்த அந்த நாலஞ்சு வருஷத்துல செஞ்சதுன்னு கண்ணை மூடிட்டு சொல்லலாம்.

எங்கட அம்மம்மாட சிங்கர் 128 மெஷின் இன்னும் வீட்டில இருக்கு. இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்தில ஷட்டில் துலைஞ்சு போச்சு. அது இல்லாமல் ஒண்டும் செய்யேலாது எண்டு சொல்லுகினம். கிடைக்குமோ? – வாசகி, யாழ்ப்பாணம்

கிடைக்கும். பாபினை உள்ள வச்சுக்கிட்டு அடி நூலைக் கொண்டுபோற, படகு மாதிரி நீளமா இருக்குமே, அந்த ஷட்டில் 27, 28, 127, 128 நாலு மாடலுக்கும் ஒண்ணுதான், அதனால தேடுறப்ப 128ன்னு மட்டும் தேடாம நாலு நம்பரையும் போட்டு தேடுங்க. புதுசாவும் செஞ்சு விக்கிறாங்க. பழசு கிடைச்சா இன்னும் நல்லது, ஆனா கூர் முனையில துருக்குழி இல்லாம பார்த்து வாங்குங்க, அந்த முனைதான் ஊசி நூலோட வளையத்துக்குள்ள நுழையுது, அங்க சொரசொரப்பா இருந்தா தையலுக்கு தையல் நூல் அறும். ஷட்டிலோட ஒல்லி பாபினும் சேர்த்து வாங்குங்க, கதிர் மாதிரி நீளமா இருக்கும், வேற எந்த பாபினும் அதுல போகாது.

வந்ததும் பாபினை போட்டு நூலை ஷட்டில் ஸ்பிரிங்குக்கு அடியில இழுத்து விட்டு, நூல் நுனியை பிடிச்சு ஷட்டிலை தொங்க விடுங்க. தானா சரசரன்னு இறங்கினா டென்ஷன் (நூல் இறுக்கம்) லூஸ். கையை லேசா ஒரு வெட்டு வெட்டினா கொஞ்சம் இறங்கி நிக்கணும், அதான் பதம். ஷட்டில்ல இருக்கிற குட்டி ஸ்க்ரூவை கால் திருப்புக்கும் குறைவா திருகி பாருங்க, அந்த ஸ்க்ரூ கீழ விழுந்துச்சுன்னா கிடைக்காது, அதனால ஒரு வெள்ளைத் தட்டுக்கு மேல வச்சு செய்யுங்க. ஊசி சாதாரண 15×1 ஊசியே போதும், அது எல்லா இடத்துலயும் கிடைக்கும். ஊசியோட தட்டைப் பக்கம் ஷட்டில் வர்ற பக்கத்தைப் பார்க்கணும், நீளப் பள்ளம் இருக்கிற பக்கத்துலேர்ந்து நூல் கோக்கணும். இந்த ஒரு விதியை வச்சே எந்த பழைய மெஷினுக்கும் ஊசி மாட்டிடலாம், புஸ்தகம் வேணாம்.

சொல்லப்போனா சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877ல. உங்க பக்கத்துல பழைய வீடுகள்ல இன்னும் நிறைய இருக்கும், அக்கம்பக்கம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க, ஓடாத மெஷின் ஒண்ணுலேர்ந்து ஷட்டில் சும்மாவே கிடைக்கலாம்.

அமெரிக்காவுலேர்ந்து வர்றப்ப சிங்கர் ஃபெதர்வெயிட் 221 வாங்கிட்டு வந்தேன். இங்க பிளக்ல மாட்டலாமா? – வாசகர், சென்னை

மாட்டிடாதீங்க! அது 110 வோல்ட் மோட்டார், நம்ம 230ல போட்டா புகை வந்துடும். பிளக் ஷேப் மாத்துற அடாப்டர் மட்டும் வாங்கி மாட்டுறவங்க இருக்காங்க, அது வோல்டேஜை குறைக்காது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேணும். மோட்டாரும் குட்டி பல்பும் சேர்ந்து நூறு வாட் பக்கம்தான் இழுக்கும், அதனால 200 வாட் டிரான்ஸ்பார்மர் தாராளம். மாட்டறதுக்கு முன்னாடி ஒயரையும் கால் பெடல் கேபிளையும் வளைச்சுப் பாருங்க, ரப்பர் காஞ்சு பொடிப்பொடியா உதிர்ந்தா எலக்ட்ரீஷியன்கிட்ட குடுத்து முழுசா மாத்திடுங்க, இதுல சிக்கனம் பார்க்காதீங்க.

1933ல வந்த மாடல், உடம்பு அலுமினியம், எடை அஞ்சு கிலோதான், 99கேயை தூக்கிட்டு இதை தூக்கினா சிரிப்பு வந்துடும். ரெண்டு விஷயம் ஞாபகம் வச்சுக்கங்க. ஒண்ணு, இதோட மோட்டாருக்கு ஆயில் விடக்கூடாது, கிரீஸ்தான், மோட்டார்ல ரெண்டு குட்டி குழாய் இருக்கும் அதுல. ஆயில் விட்டா கார்பன் பிரஷ்ஷுல இறங்கி மோட்டார் போயிடும். ரெண்டாவது, பாபின் கேஸ் அடிபாகத்துல ஒரு விரல் நீட்டிக்கிட்டு இருக்கும், ஊசித்தகட்டை கழட்டி மாட்டும்போது அந்த விரல் தகட்டுல இருக்கிற பள்ளத்துக்குள்ள உட்காரணும். தப்பா உட்கார்ந்தா நூல் சிக்கும், ஊசி உடையும். பாபின் கேஸை தொலைச்சுட்டா அதுக்கு குடுக்கிற காசுல இங்க ஒரு கை மெஷினே வாங்கலாம், பத்திரம்.

மெஷினே வேண்டாம்னு சொன்ன காந்தி, சிங்கர் மெஷினை மட்டும் பாராட்டினாராமே? – வாசகர், திண்டுக்கல்

ஆமா, நீங்க திண்டுக்கல்லேர்ந்து கேக்கறதுதான் பொருத்தம். 1924ல ஜி. ராமச்சந்திரன்னு ஒரு சாந்திநிகேதன் மாணவர் காந்திகிட்ட போய் நீங்க எல்லா இயந்திரத்துக்கும் எதிரியான்னு கேட்டார். இயந்திரத்துக்கு இல்ல, இயந்திர மோகத்துக்குத்தான் எதிரின்னு சொல்லிட்டு, விதிவிலக்கா காந்தி சொன்ன உதாரணம் சிங்கர் தையல் மெஷின். மனைவி கையால தைச்சு கஷ்டப்படறதைப் பார்க்க முடியாம அன்புல சிங்கர் கண்டுபிடிச்சார்னு சொன்னார். அப்படின்னா அந்த மெஷினை செய்ய பெரிய ஃபேக்டரி வேணுமேன்னு ராமச்சந்திரன் விடாம மடக்கினார், அந்த மாதிரி ஃபேக்டரி அரசாங்கத்துகிட்ட இருக்கணும்னு காந்தி பதில் சொன்னார். அந்த ராமச்சந்திரன்தான் பின்னாடி 1947ல டாக்டர் சௌந்திரத்தோட சேர்ந்து உங்க சின்னாளப்பட்டி பக்கத்துல காந்திகிராமத்தை ஆரம்பிச்சவர்.

ஆனா மனைவி மேல அன்புங்கற கதை மட்டும் உதைக்குது. ஐசக் சிங்கர் பாஸ்டன்ல ஒரு பட்டறையில ரிப்பேருக்கு வந்த வேற ஒருத்தரோட தையல் மெஷினைப் பார்த்து, இதை இன்னும் நல்லா செய்யலாமேன்னு இறங்கி 1851ல பேடன்ட் வாங்கினவர். மனுஷனுக்கு ஒண்ணுக்கு மேல குடும்பம், இருபதுக்கு மேல பிள்ளைங்க. எந்த மனைவி தைக்கிறதைப் பார்த்து மனசு இளகினார்னு அவருக்கே குழப்பமா இருந்திருக்கும்.

புதுசா சேகரிக்க ஆரம்பிக்கிறேன். எங்க வாங்கறது, வாங்கும்போது என்ன பார்க்கணும்? – வாசகி, தஞ்சாவூர்

உங்களுக்கு காரைக்குடி ஒண்ணும் தூரமில்ல, முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளை ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. ஆனா அங்க விக்கறவங்களுக்கு விலை தெரியும், அதனால கண்ணுக்கு பழக மட்டும் போங்க, வாங்கறதுக்கு சொந்தக்காரங்க வீட்டு பரணும் உள்ளூர் காயலான் கடையும்தான் சரி. வேலையை விடப்போற வயசான டெய்லர் யாராவது இருந்தா அவர்கிட்ட கேளுங்க, மெஷினோட அவர் கை பக்குவமும் ரெண்டு டப்பா ஸ்பேரும் சேர்ந்து வரும்.

போறப்ப ஒரு டார்ச், உங்களுக்கு பழக்கமான நூல், ரெண்டு மடிப்பு வெள்ளைத் துணி எடுத்துட்டு போங்க. பெயிண்டை கடைசியா பாருங்க. வீல் சுத்துதா, பல் கூரா இருக்கா, பாபின் கேஸோ ஷட்டிலோ உள்ள இருக்கா, பாபினை மூடுற அந்த நகரும் தகடு இருக்கா, இதுதான் முதல்ல. தகடு இல்லாத மெஷின் நிறைய சுத்துது, அது தனியா தேடினா அலைச்சல். வார்ப்புல எங்கயாவது விரிசல் இருந்தா சும்மா குடுத்தாலும் வேண்டாம், குறிப்பா கீழ விழுந்த மெஷின்ல கைப்பிடி மாட்டுற இடத்துல பாருங்க. மரப்பெட்டியை தட்டிப் பார்த்து மாவு கொட்டுதான்னு பாருங்க, கொட்டினா மெஷினை மட்டும் எடுத்துட்டு பெட்டியை அங்கயே விட்டுட்டு வாங்க, வீட்டுக்கு உளு (மரத்தை அரிக்கிற பூச்சி) வந்துட்டா உங்க அலமாரிக்கும் சேர்த்து செலவு வைக்கும்.

சிங்கர்னே பிடிவாதம் பிடிக்க வேணாம். பழைய உஷா மெஷின் பலதும் சிங்கர் 15 மாதிரியேதான், பாபின்லேர்ந்து பாதம் வரைக்கும் எல்லா ஸ்பேரும் உள்ளூர்லயே கிடைக்கும், முதல் மெஷினை பிரிச்சு மாட்டி பழக அதை விட நல்லது இல்ல. பிரிக்கறப்ப ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் முன்னாடி செல்போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கங்க, கழட்டின வரிசையிலயே ஒரு செய்தித்தாள் மேல அடுக்கி வைங்க, அன்னிக்கு ஃபேனை மட்டும் ஆஃப் பண்ணிடுங்க.